துணைக்கு இருப்பது வேலை இல்லையாம்

ஒரு வேலைக்கு உரிய கூலி கொடுக்காமல் தப்பிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, அந்த வேலையைக் கேவலம் என்பது. இன்னொன்று, புனிதம் என்பது. நம் ஆட்களுக்கு இரண்டுமே பழக்கம். அமெரிக்காவின் கறுப்பினப் பெண்களுக்கும் பழக்கம்.

1938இல் அங்கே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. மணிக்கு 25 சென்ட். தொழிலாளருக்குப் பெரிய வெற்றி என்கிறார்கள். வெற்றிதான். ஆனால் வயலில் உழைத்தவர்களுக்கு அதில் இடமில்லை. வீட்டுவேலை செய்தவர்களும் அதற்குள் வரவில்லை. தென் மாநிலங்களில் வயலில் குனிந்தவர்களும் வெள்ளையர் வீட்டு அடுப்படியில் நின்றவர்களும் யார்? பெரும்பாலும் கறுப்பர்கள். சட்டத்தில் ‘கறுப்பர்’ என்று எழுதவேண்டிய அவசியமே இல்லை. தொழிலைச் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். இது நமக்குப் புரியாதா என்ன?

1974இல் வீட்டுவேலைக்காரர்களைச் சேர்த்தார்கள். சேர்த்த கையோடு ஓர் ஓட்டையும் போட்டார்கள். முதியவர்களுக்கும் உடம்புக்கு முடியாதவர்களுக்கும் ‘துணையாக’ இருப்பவர்களுக்கு இந்தக் கூலி பொருந்தாதாம். படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் புரட்டிப்போட்டு, மலம் துடைத்து, குளிப்பாட்டி, சோறூட்டி, ராத்திரி முழுக்கக் கண் விழிப்பது பேச்சுத்துணையாம்! அடுத்த வருசமே, ஏஜென்சிகள் அனுப்பும் பெண்களையும் அரசு விதி அந்த ஓட்டைக்குள் தள்ளியது.

ஜமைக்காவிலிருந்து போய் நியூயார்க்கில் இந்த வேலை செய்தவர் ஈவ்லின் கோக். மிகைநேரக் கூலி கேட்டு வழக்குப் போட்டார். 2007இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் இல்லையென்றார்கள். 2009இல் அவர் இறந்துபோனார். 2013இல்தான் ஒபாமா அரசு விதியைத் திருத்தியது. நீதிமன்ற இழுபறி முடிந்து 2015இல் நடைமுறைக்கு வந்தது. ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டம் மெடிகெய்டு. அது வீட்டுப் பராமரிப்புக்குக் கொடுக்கும் பணத்தில் 80 விழுக்காடு பராமரிப்பவர்களின் ஊதியத்துக்கும் சலுகைகளுக்கும் போகவேண்டும் என்று 2024இல் இன்னொரு விதி, அதற்கும் ஆறு வருச அவகாசம். 2025 ஜூலையில் டிரம்ப் அரசு 2013 திருத்தத்தையே விலக்கிக்கொள்ள முன்மொழிந்தது.

கூலி ஏறினால் வயசானவர்களுக்குக் கட்டுப்படியாகாது என்கிறார்கள். நிசம்தான், எல்லாக் குடும்பமும் பணக்காரக் குடும்பமில்லை. அதற்காகத்தான் பொதுப்பணம் இருக்கிறது. அந்தப் பணத்தை விட்டுவிட்டு ஏன் அந்தப் பெண்ணின் வயிற்றில் கை வைக்கிறீர்கள்?

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். நான் வேலை பார்க்கும் வங்கிக்கு நவம்பரில் ஓய்வூதியக்காரர்கள் உயிர்ச்சான்று கொடுக்க வருவார்கள். போன வருசம் ஒரு பெரியவரைத் தாங்கிப் பிடித்தபடி ஓர் அக்கா வந்தார். “சம்பளம் எவ்ளோக்கா?” என்றேன். பெரியவர் முந்திக்கொண்டார்: “சம்பளமென்ன தம்பி, இவ நம்ம வீட்டுப் பொண்ணு.” அக்கா பேசவில்லை. அவரை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்து சொன்னார்: “ஏஜென்சிக்காரன் புடிச்சது போக மிச்சம்தான் சார் எனக்கு. அந்த வீட்ல எனக்குத் தனி டம்ளர்.”

மலம் அள்ளுவதைப் புனிதத் தொண்டு என்று காந்தி போற்றியதை, 1945இல் எழுதிய நூலில் அம்பேத்கர் கிழித்துப்போட்டார். ஒருவரை ஒரு வேலையில் கட்டிப்போட்டுவிட்டு அந்த வேலையைப் புகழ்வது கொடுமை என்று அவருக்குத் தெரியும். ‘துணை’, ‘சேவை’, ‘நம்ம வீட்டுப் பொண்ணு’ எல்லாம் அந்தப் புகழ்ச்சியின் வாரிசுகள்தான்.

தோழர்களே, ஆலை வாசலில் கொடி நடுகிறோம், நல்லது. பூட்டிய வீட்டுக்குள் தனியாளாக உழைக்கும் நம் அக்காக்களை எந்தக் கணக்கில் வைத்திருக்கிறோம்? எத்தனை மணி நேர வேலை, மணிக்கு என்ன கூலி, ராத்திரி விழிப்புக்கு எவ்வளவு, ஏஜென்சி பிடித்தம் எவ்வளவு? எல்லாம் காகிதத்தில் வரட்டும். பாசம் காட்டுவதானால் அதைக் கூலிக்கு மேலே காட்டட்டும். கூலிக்குப் பதிலாக வேண்டாம்.