சிவப்பு றோசா ஏன் வெளிறியது?



நுவரெலியாவில் இருந்து ஆசையோடு கொண்டுவந்த றோசா இங்கே வேறு நிறத்தில் பூக்கிறதே என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். இதற்குரிய பதிலை நான் கைக்காசு கொடுத்துத்தான் படித்தேன்.

2010இல் முகாமில் இருந்து கிளிநொச்சிக்குத் திரும்பிய பின், முற்றத்தில் பூக்கன்று வளர்த்து விற்றே பிள்ளைகளைப் படிப்பித்தேன். 2013 சித்திரையில் நுவரெலியாவுக்குப் போய் இருபது ஒட்டுக் கன்றுகள் வாங்கி வந்தேன். அங்கே பார்த்த பூ இரத்தச் சிவப்பு. ஊரில் ஒரு ரீச்சர் ஆறு கன்றுகளை ஒரேயடியாக வாங்கிக்கொண்டு போனார். ஆனியில் ஒரு பூவைப் பிடுங்கிக்கொண்டு வந்து படலையில் நின்றார்.

"சிவப்பெண்டு சொல்லித்தானே தந்தனீர்? இது என்ன நிறம் பிள்ளை?"

பூ சிறுத்து, இதழ் குறைந்து, பலமுறை தோய்த்த சேலை மாதிரி வெளிறிக் கிடந்தது. என் சாடிகளிலும் அதே கதைதான். ஆறு கன்றின் காசையும் திருப்பிக் கொடுத்தேன். காசு போனதை விட, ஏமாற்றி விற்கிறாள் என்ற கதை ஒழுங்கை முழுக்கப் பரவியதுதான் சுட்டது. இரண்டு மாதமாக ஒருவரும் கன்று கேட்டு வரவில்லை. தாயொருத்தி தனியாக உழைக்கும் வீட்டில் இரண்டு மாதம் என்பது என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஊருக்கு வந்த விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டபோதுதான் விளங்கியது. றோசாவின் சிவப்புக்குக் காரணம் அந்தோசயனின் என்ற நிறப்பொருள். மொட்டு விரிவதற்கு முந்திய நாட்களில் அது இதழில் ஊறுகிறது. இரவு குளிர்ந்து, பகலில் நல்ல வெளிச்சமும் இருந்தால் நிறைய ஊறும். சூடு கூடினால் ஊறுவது குறையும், ஊறியதும் சிதையும். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே உள்ள ஊர். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவுதான். எங்கள் பக்கம் 28 பாகை. ஹக்கல பூங்காவில் மொட்டு ஆறுதலாக விரிகிறது. இங்கே வெயிலுக்கு அவசரப்பட்டு விரிந்து விடுகிறது. கன்று அதேதான், காலநிலைதான் வேறு.

அவர் சொன்னபடி சாடிகளை முருங்கைக்குக் கிழக்கே மாற்றினேன். காலை வெயில் படும், மதியத்துக்குப் பின் நிழல். சீமெந்து நிலத்தில் வைத்திருந்த சாடிகளை மண்ணுக்கு இறக்கினேன். அடியில் வைக்கோல் பரப்பி, விடிய வேளைக்கு வேரடியில் தண்ணீர் விட்டேன். கார்த்திகைத் தொடக்கத்தில் கொப்புகளைக் கத்தரித்தேன். கத்தரித்து ஆறேழு கிழமையில் றோசா பூக்கும் என்பதால், மார்கழி இரவின் குளிர்மை மொட்டுக்குக் கிடைத்துவிடும். மாரி மழையில் சாடியில் தண்ணீர் நின்றால் எல்லாம் வீண், அதையும் பார்க்க வேண்டும். தையில் பூத்தது. நுவரெலியாச் சிவப்பு என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் சிவப்புத்தான்.

நிறம் மாறினால் எல்லாமே வெயில் என்று இருந்துவிடவும் கூடாது. என் தங்கச்சி ரொறொன்ரோவில் இருக்கிறாள். அவளும் வீட்டுப் பின்வளவில் சிவப்பு ஒட்டு றோசா வைத்தாள். இரண்டு பனிக்காலம் கழித்து, 2019இல் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, என்ர சிவப்பு றோசா வெள்ளையாப் பூக்குது, அதுவும் குஞ்சுப் பூவாக் கொத்துக் கொத்தா. இஞ்ச வெயிலும் இல்லையே?"

"கொப்பு எங்கயிருந்து வருதெண்டு மண்ணைக் கிளறிப் பார்" என்றேன். ஒட்டுக்குக் கீழே இருந்து வந்திருந்தது. அவளின் சிவப்பு றோசா பனியில் செத்து, வேர்க்கட்டை மட்டும் தப்பியிருக்கிறது. அங்கே ஒட்டுவதற்குப் பரவலாகப் பயன்படும் முல்டிபுளோரா என்ற காட்டு றோசாவுக்கு அந்த வெள்ளைக் கொத்துப் பூத்தான்.

பனியைத் தாங்க றோசா முன்கூட்டியே ஆயத்தப்பட வேண்டும். பகல் குறுகிக் குளிர் மெல்ல மெல்லக் கூடும்போது தளிர்ப்பதை நிறுத்தி, கலங்களில் சீனியைச் சேர்த்து, தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும். இவளோ புரட்டாதியில் யூரியா போட்டிருக்கிறாள். இளந்தளிர் தள்ளிய நேரம் உறைபனி வந்துவிட்டது. ஒட்டும் மண்ணுக்கு மேலே இருந்தது. அந்த நாட்டில் ஒட்டை ஐந்து சென்ரிமீற்றராவது மண்ணுக்குள் புதைத்து, பனிக்காலத்துக்கு ஒரு அடி உயரத்துக்கு மண் அணைத்து விடுவார்கள்.

ஒட்டாமல் சொந்த வேரில் நிற்கும் வர்க்கங்களும் உண்டு. ஒட்டாவா அரச ஆராய்ச்சிப் பண்ணையில் பெலிசிற்றாஸ் ஸ்வெய்டா என்ற பெண் விஞ்ஞானி பல வருடம் உழைத்து, பனி தாங்கும் றோசாக்களை உருவாக்கினார். அதில் ஒன்றுதான் 1978இல் வெளிவந்த ஜோன் கபோட். மறை 30 பாகையிலும் உயிர் பிழைக்கும். மேற்கொப்பு கருகினாலும் அடியில் இருந்து வருவது அதே றோசாதான். தங்கச்சி இப்போது அதைத்தான் வைத்திருக்கிறாள்.

எங்கள் ஒட்டுக் கன்றுகளிலும் கீழே இருந்து வேறு இலையோடு கொப்பு வந்தால், முளையிலேயே அடியோடு கிள்ளி விடுங்கள். விட்டால் மேலே உள்ளதைத் தின்றுவிடும்.

ரீச்சரிடம் தையில் ஒரு சாடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிழை என்று ஒரு சொல் சொல்லவில்லை. பங்குனியில் அவராகவே படலையைத் திறந்து வந்து, "வெளிறாத றோசா இருக்கோ பிள்ளை?" என்று கேட்டார். வெள்ளைக் கன்றுகள் நான்கு கொடுத்தனுப்பினேன். அதில் வெளிறுவதற்குச் சிவப்பு இல்லையே.