பலியும் சாவும்

நம் புதுக்கவிதைக்காரர்களுக்குச் சிலுவை வெகு சல்லிசாகக் கிடைக்கிறது. வேலையில்லாதவன் தோளில் ஒன்று, காதலில் தோற்றவன் தோளில் ஒன்று, பஸ்ஸில் இடம் கிடைக்காத குமாஸ்தாவுக்குக்கூட ஒன்று. குமாஸ்தா என்ற முறையில் என் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் பட்டாசு ஆலையில் கருகியவர்களையும் நம் தீபாவளிக்காகத் தம்மைத் தந்த கிறிஸ்துகள் என்கிற தினுசில் சிலுவையில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

துன்பம் எங்கும் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு மதம் தேவையில்லை. கிறிஸ்தவம் சொல்வது ஸ்தூலமான ஒரு காரியம். பாவம் மனிதனைக் கடவுளிடமிருந்து பிரித்தது; பிரிந்ததை ஒருவருடைய மரணம் சேர்க்கிறது. லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் இரண்டு ஆட்டுக்கடாக்கள் வருகின்றன. ஒன்றை அறுத்து, ரத்தத்தைத் திரைக்கு உட்புறம் கொண்டுபோகிறான் ஆசாரியன். மற்றதன் தலையில் கைவைத்து ஜனங்களின் அக்கிரமங்களை அறிக்கையிட்டு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறான். வருஷாவருஷம் நடந்த இது கிறிஸ்துவோடு ஒரே தரமாக முடிந்தது என்பது எபிரெயர் நிருபத்தின் வாதம். ஆட்டை யாரும் சம்மதம் கேட்கவில்லை. இவர் சம்மதித்துப் போனார்.

மரணம் எப்படிச் சேர்க்கிறது என்பதில் கிறிஸ்தவர்களே ஒத்துப்போனதில்லை. 1098இல் முடித்த நூலில் ஆன்செல்ம் அதைக் கணக்காகப் பார்த்தார்: மனிதன் தீர்க்கவேண்டிய கடன், கடவுளால் மட்டுமே தீர்க்க முடிந்த கடன். அடுத்த நூற்றாண்டில் அபெலார் இதை ஒப்பவில்லை. குற்றமற்றவன் ரத்தத்தைக் கேட்பது கொடுமை, அந்த மரணத்தில் வெளிப்பட்ட அன்பு நம்மை மாற்றுவதே மீட்பு என்றார். வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் சாகிறவர் தாமே முன்வந்தார் என்பது இரு கட்சிக்கும் பொது. எபிரெயர் நிருபத் தமிழில் பிணையாளி என்றொரு சொல் வருகிறது. பாங்கில் நான் தினமும் பார்க்கிற ஆசாமி. கடன் வாங்கியவன் கட்டாவிட்டால் இவன் கட்டவேண்டும், கையெழுத்துப் போட்டிருக்கிறான். கையெழுத்துப் போடாதவனிடம் வசூலித்தால் அது வழிப்பறி.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: ஏறத்தாழ 40 பேர். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20 பேருக்கு மேல். சூலக்கரையில் இருப்பவனுக்கு இவை தூரத்துச் செய்திகள் ஆகா. இந்த வட்டாரத்தில் விபத்துக்கான காரணங்கள் எல்லாருக்கும் மனப்பாடம்: அளவுக்கு மேல் மருந்து, அறைக்கு மேல் ஆள், உரிமம் ஒருவர் பேரில், உள்குத்தகை இன்னொருவருக்கு, கலக்கும்போது ஓர் உராய்வு. செத்தவர்கள் எதில் கையெழுத்துப் போட்டார்கள்? கூலிக்கு வந்தார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போவதாக இருந்தார்கள்.

தினசரிகள் 'பலி' என்று அச்சடிக்கின்றன. இரண்டே எழுத்து, தலைப்புக்கு வசதி. காக்கைக்கு இட்ட சோற்றைப் பலி என்றாள் நச்செள்ளை. இடுவதற்கு ஒரு கை வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சொல் நிற்காது. பத்திரிகைக்காரர் சோம்பலில் செய்கிற தப்பை நம் கவிஞர் யோசித்துச் செய்கிறார்.

ஜனங்களுக்காக ஒருவன் சாவது நலம் என்ற யோசனையைச் சுவிசேஷத்தில் சொல்கிறவன் காய்பா, கொலைக்கு ஏற்பாடு செய்யும் கூட்டத்தில். அவன் அறியாமல் சொன்ன தீர்க்கதரிசனம் அது என்று யோவானே எழுதுகிறாரே என்பார்கள். எழுதுகிறார்தான். ஆனால் சாகப்போகிறவன் சொன்னால் தியாகமாகிற அதே வாக்கியம், பிழைத்திருப்பவன் வாயில் வெறும் நிர்வாகம். கூட்டம் ஒருவனைக் கொன்று சமாதானமடைகிற பழைய தந்திரத்தை, அவன் நிரபராதி என்று சொல்லி சுவிசேஷங்கள் அம்பலப்படுத்துகின்றன என்று 1978இல் வாதித்தார் ரெனே ஜிரார். அம்பலமானதை நம் கவிஞர் மறுபடி மூடுகிறார். செத்தவர்களுக்கு ஒளிவட்டம் வரைந்துவிட்டால் ஆலைக்காரர், ஆய்வுக்கு வரவேண்டியவர், சரவெடி வாங்கியவர் எல்லாரும் மீட்கப்பட்டவர்கள். பாவத்தை அறிக்கையிடாமலே பாவமன்னிப்பு! லேவியராகமத்து ஆசாரியன்கூட இவ்வளவு மலினமாக அதை விற்கவில்லை.

முதலிப்பட்டியில் செத்தவர்களில் காப்பாற்ற ஓடியவர்களும் உண்டு. எரிவது தெரிந்து ஓடினார்கள். பலி என்ற சொல் அங்கே யாருக்காவது பொருந்துமானால் அவர்களுக்குப் பொருந்தும். நான் படித்த கவிதைகளில் அவர்கள் இல்லை. படிம ஜோடனைக்கு வாய்பேசாமல் எரிகிறவர்களே தோது போலும்.

விசுவாசத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. 1894இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிக'த்தில் கிருஷ்ணபிள்ளைக்குச் சிலுவை, பாரம் கழன்று விழுகிற இடம். அவர் நம்பினார்; விலை தெரிந்து எழுதினார். நம்பாதவன் அதைக் கையாளும்போது விலையாவது தெரிந்திருக்க வேண்டாமா? தெரியாவிட்டால் 'செத்தார்கள்' என்று எழுதுங்கள். யாரால் என்ற கேள்வி பாக்கி நிற்கும்.