மேசைக்கு அடியில் ஒரு ஃபிரிட்ஜ்

கணினியைத் தூக்கி ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் என்ன? வேகத்தின் மீது பித்துக்கொண்ட கணினி இளைஞர்களிடம் தலைமுறைக்குத் தலைமுறை எழுந்துகொண்டிருக்கும் கேள்வி இது. விடுதி அறைகளில் வைக்கும் சிறிய ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி, பக்கவாட்டில் துளையிட்டு, கம்பிகளை வெளியே இழுத்து, உள்ளே ஓவர்கிளாக் செய்த கணினியைக் குடிவைப்பது திட்டம். விஷயம் அறிந்தவர்கள் கேட்டதும் சிரித்துவிடுகிறார்கள். சிரிப்பில் நியாயம் உண்டு. ஆனால் சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய விஷயமல்ல இது என்பது என் எண்ணம்.

ஒரு செயலி இன்ன வேகத்தில் இயங்கலாம் என்று அதைத் தயாரித்த நிறுவனம் ஓர் அளவைக் குறித்துத் தருகிறது. அந்த அளவை மீறி ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். 1998இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்ற மலிவுவிலைச் செயலி 300 மெகாஹெர்ட்ஸுக்கென விற்கப்பட்டது. பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால், அது பெரும்பாலும் 450இல் தடுமாறாமல் ஓடியது. பல மடங்கு விலை கொடுத்து வாங்கவேண்டிய பென்டியம் 2 செயலியின் வேகம் அது. காசில்லாத மாணவன் காசுள்ளவனின் இயந்திரத்தை எட்டிப்பிடித்த கதை. ஓவர்கிளாக்கின் மீது அத்தலைமுறைக்கு ஏற்பட்ட காதலை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் வேகத்துக்கு வெப்பம் என்றொரு விலை இருக்கிறது. செயலி செலவிடும் மின்சாரம் அதன் துடிப்பு வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. வேகத்தை 20 சதவீதம் கூட்டி, அது நிலைகுலையாமல் இருக்க மின்னழுத்தத்தை 10 சதவீதம் கூட்டினால், வெப்பம் ஏறத்தாழ 45 சதவீதம் கூடிவிடும். பெறுவது ஐந்தில் ஒரு பங்கு. கொடுப்பது கிட்டத்தட்டப் பாதி. இந்தக் கணக்கு இடிக்கும்போதுதான் இளைஞனின் கண் மூலையில் உள்ள ஃபிரிட்ஜின் மீது விழுகிறது.

ஃபிரிட்ஜ் குளிரை உற்பத்தி செய்யும் பெட்டி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியொரு உற்பத்தி உலகில் எங்குமே நடப்பதில்லை. ஃபிரிட்ஜ் செய்வது சுமைதூக்கும் வேலை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளிப் பின்பக்கக் கம்பிச்சுருள் வழியாக அறைக்குள் கொட்டுகிறது. தூக்கியதற்கான கூலியாகத் தானும் கொஞ்சம் வெப்பத்தைச் சேர்த்துக் கொட்டுகிறது. கதவைத் திறந்துவைத்தால் அறை குளிருமா என்ற பழைய கேள்விக்கு, இல்லை, சூடாகும் என்பதே விடை. வெப்பம் தானாகக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குப் போகாது என்பதை கிளாசியஸ் 1850களிலேயே தெளிவாக்கிவிட்டார். அதற்கும் முன்னால், 1824இல், சாதி கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஒரு சிறு நூலில் இதற்கு அடிப்படை போட்டிருந்தார். இரண்டாம் விதியைத் தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதி மதிப்பெண் வாங்கியவர்களிலும் எத்தனை பேர் வீட்டு ஃபிரிட்ஜின் முன் நின்று இதை யோசித்திருப்பார்கள்?

சுமைதூக்கியின் பலத்தையும் பார்க்க வேண்டும். சிறிய ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரம் பெரும்பாலும் 100 வாட்டைத் தாண்டாது. அது வெளியேற்றும் வெப்பமும் ஏறத்தாழ அந்த அளவில்தான். உள்ளே வைத்த பால் தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஒருமுறை குளிர்ந்துவிட்டால் கம்ப்ரஸர் ஓய்வெடுக்கலாம். கணினியோ, முழுவேகத்தில் ஓடும்போது 300, 400 வாட் வெப்பத்தை இடைவிடாமல் உமிழ்கிறது. தோற்றுப்போன கம்ப்ரஸர் நிற்க வழியின்றி ஓடிக்கொண்டே இருக்க, வெளிவெப்பத்தைத் தடுப்பதற்காகக் கட்டிய கெட்டிச் சுவர்கள் இப்போது உள்வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுக்கும். ஃபிளாஸ்க் காப்பியையும் காக்கும், பனிக்கட்டியையும் காக்கும். அதற்குப் பேதம் தெரியாது. ஃபிரிட்ஜ் மெல்ல மெல்ல அடுப்பாகிவிடுகிறது.

அடுத்த ஆபத்து ஈரம். வெப்பநிலை 30 டிகிரியும் ஈரப்பதம் 70 சதவீதமும் உள்ள ஒரு நாளில், 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் காற்றிலுள்ள நீர் துளிர்க்கத் தொடங்கும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளர் வியர்ப்பதைப் போல. டம்ளருக்கு அதனால் கேடில்லை. மின்சாரம் ஓடும் மதர்போர்டுக்கு உண்டு.

ஆகவே இந்தத் திட்டம் தோற்கும். ஆனாலும் அந்த இளைஞனை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் தவறியது அளவில் மட்டுமே. அதே குளிர்பதன முறையை, காற்றைக் குளிர்விக்காமல் செயலியின் தலைமீதே நேராகப் பொருத்தினால் அது வேலை செய்யும். டென்மார்க்கின் அசெடெக் நிறுவனம் வேப்போசில் என்ற பெயரில் 2000களின் தொடக்கத்தில் அப்படிப்பட்ட கருவிகளை விற்றது. மேலும், இளைஞனின் சோதனையில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஃபிரிட்ஜ் எல்லோர் கண்முன்னும் நிற்கிறது, தோல்வியும் அப்படியே. கார்னோவின் சூத்திரம் கற்பிக்காததைச் சூடான ஒரு பெட்டி அவனுக்குக் கற்பித்துவிடுகிறது.

இதை வேறொரு நிகழ்ச்சியின் அருகில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 2018 ஜூனில் தைபேயில் நடந்த கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியின்போது, 28 கோர்கள் கொண்ட செயலி ஒன்று 5 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதை இன்டெல் மேடையேற்றிக் காட்டியது. அரங்கம் வியந்தது. மேசைக்கு அடியில் ஒரு குதிரைத்திறன் கொண்ட நீர்குளிர்விப்பான் ஒன்று அமர்ந்திருந்தது பிறகே தெரியவந்தது. மீன்தொட்டிகளுக்கும் பயன்படும் ரகம் அது. ஓவர்கிளாக் செய்யப்பட்டது என்பதை மேடையில் சொல்ல விட்டுப்போயிற்று என்று நிறுவனம் பின்னர் விளக்கம் தந்தது. 2019இல் 28 கோர்களுடன் சந்தைக்கு வந்த ஜியான் டபிள்யூ-3175எக்ஸ் செயலியின் அடிப்படை வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ், அதிகபட்சம் 4.3.

இரண்டு இடத்திலும் ஃபிரிட்ஜ் இருக்கிறது. ஒன்று அறை நடுவில். மற்றது மேசைக்கு அடியில். நாம் முதலாமவனைப் பார்த்துச் சிரிக்கிறோம், இரண்டாமவருக்குக் கைதட்டுகிறோம். இந்த வரிசையில்தான் எனக்கு உடன்பாடில்லை. குளிர்விப்பானைப் பயன்படுத்தியது குற்றமல்ல; பொறியியலில் அது மதிக்கத்தக்க சாதனைதான். வெப்பம் எங்கே போகிறது என்பதைப் பார்வையாளரிடமிருந்து மறைத்ததுதான் பிழை.

இன்று இந்த மறைப்பு இன்னும் பெரிதாகிவிட்டது. நம் மேசைமீதிருந்த கணக்கீடுகள் பலவும் தொலைதூரத் தரவு மையங்களுக்கு இடம்பெயர்ந்துவிட்டன. அதற்கு மேகம் என்று எடையற்ற ஒரு பெயரும் சூட்டியாயிற்று. நம் கையிலுள்ள கருவி குளுமையாகவே இருக்கிறது. அதன் வெப்பமோ யாரோ ஒருவருடைய ஊரில், அவர்களது மின்சாரத்தையும் பல இடங்களில் அவர்களது தண்ணீரையும் குடித்துக்கொண்டு வெளியேறுகிறது. மேசை நீண்டு நீண்டு ஒரு நாட்டின் அளவுக்குப் போய்விட்டதால், அடியில் குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

வேகமான எந்த இயந்திரத்தைக் காட்டினாலும் அதன் வெப்பம் எங்கே போகிறது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும். பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கம் ஒருமுறை கையை நீட்டிப் பார்த்தாலே போதும்.