குளம்பை மட்டும் எண்ணலாமா?

குதிரைப் போட்டி என்றதும் நம் மாணவ நண்பர்கள் நினைவுக்கு வருவது பந்தயம்தான். அங்கே நடுவருக்கு எல்லைக்கோடு ஒன்று போதும். அமெரிக்காவில் நடைபெறும் 'டிரெயில்' போட்டி அத்தகையதன்று. பண்ணையிலும் காட்டுப் பாதையிலும் எதிர்ப்படும் தடைகளை ஆடுகளத்தில் அமைத்துக் குதிரையின் நிதானத்தை அளக்கும் போட்டி அது. சவாரி செய்பவர் இறங்காமலே கதவைத் திறந்து, கடந்து, மூட வேண்டும். குதிரை கட்டைகளை மிதியாமல் தாண்ட வேண்டும். குறுகிய தடத்தில் பின்னோக்கி நடக்க வேண்டும்.

1940-இல் தோன்றிய அமெரிக்கக் குவார்ட்டர் குதிரைச் சங்கத்தின் விதிப்படி, ஒவ்வொரு குதிரைக்கும் அடிப்படை மதிப்பெண் 70. ஒவ்வொரு தடைக்கும் 1½ வரை கூட்டலாம், குறைக்கலாம். பிழையின்றிச் செய்தால் பூஜ்யம். தவறுகளுக்குத் தண்டம் தனி: குளம்பு கட்டையை உரசினால் ½, மிதித்தால் 1, கதவைக் கைவிட்டால் 5.

தண்டத்தை எண்ணுவது எளிது. கட்டை உருளும் ஓசை கடைசி வரிசைக்கும் கேட்கும். சிறப்பைக் காண்பதுதான் அரிது. ஒரு குதிரை தலை தாழ்த்திக் கட்டையை உற்று நோக்கி, அடியளந்து, தானே வழி தேடுகிறது. மற்றொன்று கடிவாளத்தின் அசைவுக்கே காத்திருந்து பொம்மைபோல் நகர்கிறது. இரண்டும் தவறின்றி முடித்தால் இரண்டுக்கும் 70 என்றெழுதும் நடுவரை யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால், அது நீதியா? இல்லை என்பேன். கவனத்தோடு தன் வழியைத் தானே தேரும் குதிரைக்கு மதிப்பளிக்க வேண்டுமென்று விதியே கூறுகிறதே!

"சிறப்பு என்பது ஆளுக்கு ஆள் மாறுமே" எனச் சிலர் கேட்கலாம். அதனால்தான் ஒட்டுமொத்தமாக அன்றி, தடைதோறும் அரை அரையாக அளக்கச் சொன்னார்கள். தடைக்கான மதிப்பெண்ணும் தண்டமும் தனித்தனி. ஆகவே கட்டையைச் சற்றே உரசி ½ இழந்த குதிரைக்கும், அதே தடையில் காட்டிய கவனத்துக்காக 1 கூட்டலாம். பொம்மைக் குதிரையை அது அரை மதிப்பெண்ணால் முந்தும். அந்தத் துணிவு நடுவருக்கு வேண்டும்.

நடுவர் எதை மதிக்கிறாரோ, அதையே நாளைக்குப் பயிற்சியாளர் பழக்குவார். உண்மையான காட்டுப் பாதையில், காலடி பார்த்து நடக்கும் குதிரையே சவாரி செய்பவரின் உயிரைக் காக்கும். கட்டளைக்குக் காத்து நிற்கும் குதிரையன்று.

பிழையை மட்டும் வட்டமிடும் சிவப்பு மையை நாமும் அறிவோம், நண்பர்களே! பிழை காண்பது கணக்கு. நிறை காண்பதே தீர்ப்பு.