புரை விழுந்த பனிவிளக்கு



கேமரன் மலைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு மூடுபனியைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1,400 மீட்டர் உயரத்தில் தேயிலை மலைக்குள் விடியற்காலை இறங்கும் பனி, ஏழரைக்குப் பள்ளி மணி அடிக்கும்போதும் சில நாள்களில் கலைவதில்லை. பெரட்டுக்குப் போகிற பெரியவர்களும் புத்தகப் பையோடு வருகிற பிள்ளைகளும் அந்த நேரத்தில்தான் ஒரே ரோட்டில் நடக்கிறார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் என் பழைய புரோட்டோன் வீராவில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வளைவைத் திரும்பியதும் எதிரே கறுப்பு மழைக்கோட்டு ஒன்று. பிரேக்கை அழுத்திக் காடி நின்றபோது இடைவெளி ஒரு முழம்கூட இல்லை. பார்த்தால் என் நான்காம் ஆண்டு மாணவன்.

"ஏன்டா, ஓரமா நடக்கக்கூடாதா?" என்று பயத்தில் கத்திவிட்டேன்.

"ஓரமாத்தான் சார் வந்தேன். உங்க காடியை நான் பார்த்துட்டேன். நீங்க என்னைப் பார்க்கலியா?" என்றான்.

அவனை ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போய், இறங்கியதும் முதலில் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தேன். பம்பருக்குக் கீழே இருந்த இரண்டு பனிவிளக்குகளும் புரை விழுந்த கண்ணாக மஞ்சள் பூத்துக் கிடந்தன. தினமும் முன் கண்ணாடியைத் துடைக்கிற எனக்கு, அவை கண்ணில் பட்டதே இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்த முதல் காரியம் முட்டாள்தனம். 55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100 வாட் பல்பைப் போட்டேன். ஒரு வாரத்தில் கருகிய வாடை. ஒயர் முனையின் பிளாஸ்டிக் உருகிப் போயிருந்தது. வெளிச்சமோ கூடவில்லை. அழுக்குச் சன்னலுக்குப் பின்னால் பெரிய விளக்கை வைத்து என்ன பயன்?

பனியில் ஹை பீம் போட்டால் ஏன் வெள்ளைத் திரை போலத் தெரிகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பனி என்பது நுண்ணிய நீர்த்துளிகள். ஒளி அவற்றில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. பனிவிளக்கு தாழ்வாக இருந்து, அகலமாக, தரையை ஒட்டி ஒளியைப் பரப்புகிறது. முகப்பு மங்கினால் அந்த ஒளி சிதறி மேலேயும் போய்விடும். அப்புறம் பனிவிளக்கு இருந்தும் இல்லாததுபோலத்தான்.

முதலில் முகப்பை நகத்தால் தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று கேட்டால் கண்ணாடி. சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். மந்தமாகக் கேட்டால் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். அதன்மேல் இருந்த பாதுகாப்புப் பூச்சு வெயிலில் தேய்ந்ததும், சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு மஞ்சளாகிவிடும். அதைத்தான் நாம் உரித்தெடுக்க வேண்டும்.

ஹார்ட்வேர் கடையில் 800, 1000, 2000, 3000 எண் மணல்தாள் கேளுங்கள். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற வகையாக இருக்கட்டும். விளக்கைச் சுற்றி டேப் ஒட்டி, ஒரு வாளித் தண்ணீரை அருகில் வைத்துக்கொண்டு 800இல் தொடங்குங்கள். முதலில் மஞ்சளாகப் பால் வடியும். அது வெள்ளையாகி, முகப்பு முழுவதும் ஒரே சீராகப் பனி பூத்ததுபோல் வரும்வரை விடக்கூடாது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இருந்ததையும் கெடுத்தாச்சு" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றி, முன் தாளின் கீறல் மறையும்வரை தேய்த்து, 3000 முடிந்து மெருகு கம்பவுண்ட் போட்டதும், உள்ளே இருந்த பல்பின் கம்பி தெரிந்தது. நிதானமாகச் செய்ததால் இரண்டுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஆனது.

இதோடு நிறுத்தினால் சில மாதங்களில் மறுபடியும் மஞ்சள்தான். பிளாஸ்டிக் விளக்குக்கென்றே விற்கிற, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஸ்பிரேயை மெல்லியதாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். தின்னர், பெட்ரோல் கிட்டவே வரக்கூடாது, பிளாஸ்டிக் வெடித்துவிடும். கொசு மருந்தைத் தடவினால் பளபளக்கும் என்று லயத்தில் ஒருவர் செய்துகாட்டினார். பளபளத்தது உண்மை. அதிலுள்ள டீட் என்ற மருந்து பிளாஸ்டிக்கின் மேல்தோலை இளக்குவதால் வருகிற பளபளப்பு அது. நிலைக்காது, கெடுதலும்கூட.

உள்ளே இருக்கும் வெள்ளித் தகட்டைத் துணியால் தேய்க்காதீர்கள். அந்தப் பூச்சு மிக மெல்லியது. அது உரிந்துபோயிருந்தால் வேறு விளக்கு வாங்குவதுதான் வழி. ஹாலஜன் பல்பின் கண்ணாடியையும் வெறும் விரலால் தொடக்கூடாது.

முகப்பு தெளிந்த பிறகும் என் இடப்பக்க விளக்கு சோர்ந்தே எரிந்தது. காரணம், காடியின் உடம்பில் முறுக்கியிருந்த எர்த் ஒயருக்கு அடியில் துரு. பல்புக்கு வரவேண்டிய 12 வோல்ட் 10.8 ஆகக் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். துருவைச் சுரண்டி, முறுக்கி, கொஞ்சம் கிரீஸ் தடவினேன். காசு செலவே இல்லை.

கடைசியாக, விளக்கின் சாய்வு. சமதரையில் சுவரிலிருந்து 25 அடி தள்ளிக் காடியை நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, அதற்கு 4 அங்குலம் கீழே ஒரு கோடு போடுங்கள். ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். நான் பள்ளிச் சுவரில்தான் பார்த்தேன். சுண்ணக்கட்டியும் அடிக்கோலும் பிடித்துக் கோடு போட்டவன் அந்த நான்காம் ஆண்டுப் பையன்தான். அவனுடைய மழைக்கோட்டின் முதுகில் ஒளி பட்டால் மின்னும் பட்டை ஒன்றை அவன் அம்மா இப்போது தைத்துக் கொடுத்திருக்கிறார்.

அடுத்த முறை, பேட்டரி முனையில் பூக்கிற வெள்ளைப் பொடியைப் பார்ப்போம்.