வேகம் என்னும் பிரமை

கிதாருக்கான எஃபெக்ட்ஸ் பெட்டிகளைத் தம் கையாலேயே செய்துகொள்ளும் அன்பர்களிடையே ஒரு சித்தாந்தம் ஆழ வேரூன்றியிருக்கிறது. ஒலியின் பலத்தைச் சுருக்கிப் பின் விரிக்கும் கம்பேண்டர் சிப்பில், அந்தப் பலத்தை அளக்கும் ரெக்டிஃபையரோடு சேர்ந்த கெப்பாசிட்டரை எவ்வளவுக்கெவ்வளவு சிறிதாக்குகிறோமோ, அவ்வளவுக்கவ்வளவு சிப் சுறுசுறுப்படைந்து, நாதத்தின் ஏற்ற இறக்கங்களைத் தவறாமல் பின்தொடரும் என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த அபிப்பிராயத்தை நான் அடியோடு மறுக்கிறேன்.

சிப் பின்தொடர வேண்டிய வஸ்து யாது என்பதை இவர்கள் யோசிப்பதில்லை. டெலிபோன் தடங்களை உத்தேசித்து சிக்னெடிக்ஸ் கம்பெனியார் உருவாக்கியதும், எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் டீலக்ஸ் மெமரி மேன் போன்ற டிலே பெட்டிகளில் குடிபுகுந்ததுமான என்.இ. 570 சிப்பின் உள்ளே, ரெக்டிஃபையரை ஒட்டி 10,000 ஓம் மின்தடை ஒன்று அமைந்திருக்கிறது. வெளியே 1 மைக்ரோஃபாரட் வைத்தால், சிப்பின் வேகத்தைக் குறிக்கும் கால மாறிலி 10 மில்லிசெகண்ட், 0.1 வைத்தால் 1 மில்லிசெகண்ட். கிதாரின் தடித்த கம்பியோ வினாடிக்குச் சுமார் 82 தடவைதான் அதிர்கிறது; ஓர் அதிர்வு முடிவதற்கே 12 மில்லிசெகண்ட் ஆகிறது. ஆகவே 0.1 வைத்தவருடைய சிப், ஸ்வரத்தின் பலத்தை அளக்கும் தன் கடமையை மறந்து, ஒவ்வோர் அலையின் மேட்டையும் பள்ளத்தையுமே பலத்தின் மாறுதலாகப் பாவித்து, அலைக்கு இருமுறை ஒலியைக் கூட்டியும் குறைத்தும் அதன் வடிவத்தையே விகாரப்படுத்திவிடுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், ஒலியை விரிக்கும் எக்ஸ்பாண்டரில் இவ்வாறு பிறக்கும் மூன்றாம் ஹார்மோனிக், மூல ஒலியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 1 மைக்ரோஃபாரடில் அது 3 சதவீதத்தை ஒட்டியே நிற்கும்.

ஒலியைச் சுருக்கும் கம்ப்ரெஸ்ஸர் செய்யும் தோஷத்தை எக்ஸ்பாண்டர் நிவர்த்தி செய்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். இரண்டின் கெப்பாசிட்டர்களும் சமமாக இருந்து, இடையிலுள்ள மார்க்கமும் மாசற்றதாக இருந்தால் செய்யும். ஆனால் டிலே பெட்டியில் இடையே நிற்பது ஒலியைத் தாமதப்படுத்தும் பக்கெட் பிரிகேட் சிப்பும், அதற்கு முன்னும் பின்னும் அலையின் கட்டத்தை மாற்றும் ஃபில்டர்களும் அல்லவா? போதாததற்கு, எக்ஸ்பாண்டரின் கெப்பாசிட்டரை மட்டும் மாற்றிவிட்டு, ஒலி மூச்சு வாங்குகிறது என்று சிப்பின் மீது பழி போடுகிறவர்களும் உண்டு.

ஒலியின் ஏற்றத்துக்கு ஈடுகொடுக்கும் அட்டாக்கையும் இறக்கத்துக்கு ஈடுகொடுக்கும் டிகேயையும் ஒரே கெப்பாசிட்டர் நிர்ணயிப்பதால் இரண்டும் சமம் என்று நம்புவதும் பிசகு. திடீரென்று எழும் ஒலிக்கு ஒரு கால மாறிலிக்குள் சிப் 4 டெசிபல் தொலைவுக்குள் வந்துவிடுகிறது; அதே ஒலி நின்றபின் 40 டெசிபல் இறங்குவதற்கோ நாலரைக்கு மேற்பட்ட கால மாறிலிகள் தேவைப்படுகின்றன. பெரிய கெப்பாசிட்டரே மோட்சம் என்று நான் சொல்லவில்லை. மிதமிஞ்சினால், ஸ்வரம் அடங்கிய பிறகும் இரைச்சல் வாலாக நீண்டு காதைத் துன்புறுத்தும். அட்டாக் துரிதமாகவும் டிகே நிதானமாகவும் அமைய வேண்டுமென்று மெய்யாகவே விரும்புகிறவர், 570-இன் கெப்பாசிட்டரைக் குறைத்துக்கொண்டே போகாமல், இரண்டுக்கும் தனித்தனிக் கெப்பாசிட்டர் வைத்துக்கொள்ள இடமளிக்கும் என்.இ. 572 சிப்பை நாடலாம். வேகம் ஒன்றே போதுமானதாயின், அந்தச் சிப்பில் டிகேக்கென்று வேறொரு காலை அதன் கர்த்தாக்கள் யாருக்காக வைத்தார்கள்?