பேட்டரி மாற்றும் முன் சற்று யோசிப்போம்!



2012-ஆம் ஆண்டு மின்வெட்டை நாம் மறந்திருக்க மாட்டோம். மணிக்கணக்கில் கரண்ட் இல்லாத அந்த நாட்களில் விருதுநகர் பஜாரிலும் சிவகாசியிலும் கடைக்குக் கடை எமர்ஜென்சி விளக்கு வாங்கினோம். அவற்றில் பல இன்றும் நம்மிடம் இருக்கின்றன. விளக்கு நன்றாகத்தான் இருக்கிறது, பேட்டரிதான் செத்துவிட்டது. எலக்ட்ரானிக் தராசின் கதையும் இதேதான். தூக்கி எறிய மனமில்லாமல் வேறு பேட்டரி போட்டுக் கொள்கிறோம். சிக்கனம் வணிகனுக்கு அழகு. ஆனால் எந்த பேட்டரியைப் போடுகிறோம் என்று பார்க்க வேண்டாமா?

சென்ற ஆண்டு என் குடோனில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பழைய 4 வோல்ட் விளக்கை ரிப்பேருக்குக் கொடுத்தேன். "அந்தக் காலத்து லெட் ஆசிட் பேட்டரி எதற்கு அண்ணாச்சி? லித்தியம் போட்டுத் தருகிறேன். கனமும் இல்லை, விலையும் குறைவு" என்றார் ரிப்பேர்காரர். சரி என்றேன். மூன்றாம் நாள் காலை குடோனைத் திறந்த பையன் அலறிக்கொண்டு ஓடி வந்தான். விளக்கு கை வைக்க முடியாத சூடு. பேட்டரி உப்பி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. ஒரு முழத்தில் வத்தல் மூட்டைகள், அதை ஒட்டித் தீப்பெட்டி பண்டல்கள்! மெயினை அணைத்து, விளக்கை இடுக்கியால் பிடித்து வெளியே மணலில் போட்டோம். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் இதை எழுத நான் கடையோடு இருந்திருப்பேனா தெரியாது.

காரணத்தை விவரம் தெரிந்த ஒருவர் பிறகு விளக்கினார். 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆக ஏறக்குறைய 4.8 வோல்ட் வரை கொடுக்க வேண்டும். சாதாரண லித்தியம் அயான் செல்லோ 4.2 வோல்ட்டில் நிறுத்தப்பட வேண்டும். பழைய விளக்கின் சார்ஜருக்கு அது தெரியாது, கொடுத்துக்கொண்டே இருக்கும். இடையில் தடுக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டும் இல்லையென்றால் சூடேறி, உப்பி, தீப்பிடிக்கும். ஒரு படி உளுந்தும் ஒரு படி வத்தலும் ஒரே எடையா நிற்கும்? பேட்டரியும் அப்படித்தான். மேலே அச்சிட்ட வோல்ட் ஒத்துப்போனால் போதாது. வகையும் ஒத்துப்போக வேண்டும்.

பட்டாசு வியாபாரிகள் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி தற்காலிகப் பட்டாசுக் கடையில் எண்ணெய் விளக்கோ காஸ் விளக்கோ கூடாது. மின்விளக்கைக்கூட வயரில் தொங்கவிடாமல் சுவரிலோ கூரையிலோ பொருத்த வேண்டும். அவ்வளவு எச்சரிக்கை தேவைப்படும் இடத்தில் ஒட்டுப்போட்ட பேட்டரிக்கு என்ன வேலை?

ஆகவே என் கருத்து இதுதான். லெட் ஆசிட் இருந்த இடத்தில் அதே வோல்ட் லெட் ஆசிட்டே போடுங்கள். பழைய கார்ட்லெஸ் போனில் நிக்கல் காட்மியம் இருந்தால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போடலாம். இரண்டிலும் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான். லித்தியம்தான் வேண்டுமென்றால் சார்ஜரையும் சேர்த்து மாற்றுங்கள்; இல்லையேல் புது விளக்கே வாங்குங்கள். தராசைத் திறக்கும்போது முத்திரை உடையாமல் பாருங்கள். உடைந்தால் மறுமுத்திரை பெறாமல் அதில் எடை போடக் கூடாது. இரவில் கடையைப் பூட்டும்போது எதையும் சார்ஜில் விட்டுப் போகாதீர்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையோடு கொட்டாதீர்கள். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் தனியே சேகரிப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

அன்று நான் மிச்சம் பிடித்தது நூற்றைம்பது ரூபாய். குடோனில் இருந்த சரக்கோ பல லட்சம். வட்டிக்கு ஆசைப்பட்டு முதலை இழக்கும் வேலையை இனி நாம் யாரும் செய்ய வேண்டாம்.